டாக்டர் லாரன்ஸ்: தாமே நோயாளியாயிருந்து நோயாளிகளுக்குச் சங்கம் கண்டவர்

 

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பிய நேரம். ஊர்க்காரர் ஒருவர் வந்து கருஞ்சீரகம் அரைக் கிலோ கேட்டார். இவ்வளவு எதற்கு என்று விசாரித்தேன். அவருடைய 11 வயது மகளுக்கு இனிப்பு நீர் கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் தினம் நான்கு வேளை இன்சுலின் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் சொன்னபடி நாற்பது நாள் கருஞ்சீரகம் கொடுத்து ஊசியை நிறுத்திவிட உத்தேசம் என்றார். பெண் பிள்ளையாயிற்றே, நாளை சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதும் அவர் மனத்தில் இருந்தது. அதனால் வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

நான் தராசைத் தொடவில்லை. அவரை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தேன். என் தங்கை மகனுக்கு இதே நோய் வந்த நாளிலிருந்து நான் இது பற்றிப் படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் வருகிறேன். அதில் தெரிந்துகொண்ட ஒரு மனிதரின் கதையை அன்று அவருக்குச் சொன்னேன். கடையில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்ததால் முன்னும் பின்னுமாகச் சொல்ல நேர்ந்தது. இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

ராபர்ட் டேனியல் லாரன்ஸ் ஸ்காட்லாந்து தேசத்து அபர்டீன் நகரில் 1892ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பிறந்தார். தகப்பனார் பிரஷ் செய்து விற்கும் வசதியான வியாபாரி. பிள்ளை அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் முதலில் பிரெஞ்சு, ஆங்கிலப் பாடங்களைப் படித்துப் பட்டம் வாங்கினார். அதன்பின் கிளாஸ்கோவில் மாமா ஒருவரின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். சில வாரங்கள்கூட அங்கே கால் தரிக்கவில்லை. கஜக்கோலும் கத்தரிக்கோலும் அவருக்கு ஒத்துவரவில்லை போலும்! நம் கடைகளிலும் இப்படிச் சில பையன்களைப் பார்க்கிறோம், கோபித்துக்கொள்கிறோம். அந்தத் துணிக்கடை முதலாளியும் கோபித்துத்தான் இருப்பார். பையன் அபர்டீனுக்கே திரும்பி வைத்தியப் படிப்பில் சேர்ந்து, உடற்கூறு, மருத்துவம், ரண சிகிச்சை ஆகியவற்றில் தங்கப் பதக்கங்கள் பெற்று 1916இல் தேறினார். ஹாக்கியிலும் டென்னிஸிலும் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். நல்ல திடகாத்திரமான வாலிபர்.

முதல் மகாயுத்த காலத்தில் ராணுவ வைத்தியப் படையில் சேர்ந்து இந்திய எல்லைப்புறத்தில் பணி செய்தார். அங்கே சீதபேதி கண்டு 1919இல் தாயகம் அனுப்பப்பட்டார். பிறகு லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ரண சிகிச்சைக்காரராக வருவது அவர் எண்ணம். 1920இல் ஒருநாள், காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் செய்யும் ஆபரேஷனைப் பழகிக்கொள்ள ஒரு மையித்தின் மீது உளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். எலும்புச் சில்லு ஒன்று தெறித்து வலக்கண்ணில் பட்டது. கண் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியிலேயே படுத்தார். அங்கே சிறுநீரைச் சோதித்தபோதுதான் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது.

அன்றைய நாளில் வாலிபருக்கு நீரிழிவு என்றால் என்ன பொருள் என்பதை இப்போதுள்ளவர்கள் அறிய வேண்டும். வயதானவர்களுக்கு வரும் இனிப்பு நீர் வேறு. பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் திடீரென்று வரும் இந்த முதல் வகை வேறு. நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள சில அணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. சாப்பிட்ட சோறும் ரொட்டியும் சீனியாக மாறி இரத்தத்தில் கலந்தபின், அந்தச் சீனியை உடல் எரித்துப் பலமாக்கிக்கொள்ள இன்சுலின் வேண்டும். நோய்க் கிருமிகளைக் கொல்வதற்காக அல்லாஹ் நம் உடலில் அமைத்த காவற்படை, முதல் வகை நீரிழிவில் இந்த அணுக்களையே பகைவரென்று எண்ணி அழித்துவிடுகிறது. பிள்ளை மிட்டாய் அதிகம் தின்றதால் வந்ததன்று. தாய் வளர்த்த குறையுமன்று. அணுக்கள் அழிந்தபின் இன்சுலின் ஊறுவதில்லை. தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு என்று ஆரம்பித்து, கவனியாமல் விட்டால் இரத்தம் அமிலமாகி மயக்கம் வந்து மரணத்தில் முடியும். அந்நாளில் இதற்கு மருந்தில்லை. அமெரிக்காவில் டாக்டர் ஆலன் என்பவர் நோயாளிகளைப் பட்டினிக்கு ஒப்பான பத்தியத்தில் வைத்து, ஆயுளைச் சில மாதங்களோ சில வருடங்களோ நீட்டினார். பிள்ளைகள் எலும்பும் தோலுமாய் இருந்தார்கள். ஆனாலும் அவ்வளவுதான் அப்போது வழி.

லாரன்ஸும் கடும் பத்தியத்தில் இறங்கினார். ஆபரேஷன் ஆசையை விட்டுவிட்டு, அதே ஆஸ்பத்திரியின் இரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் டாக்டர் ஹாரிஸன் என்பவரின் கீழ் வேலை பார்த்தார். உடம்பில் தெம்பில்லாத அந்த நிலையிலும் ஆராய்ச்சி செய்து மேல்பட்டத்துக்கான கட்டுரையை எழுதி முடித்தார். தம் நாட்கள் எண்ணப்பட்டவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் கிடந்து இறந்தால் பெற்றவர்களுக்கு வேதனை என்று நினைத்து, இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகருக்குப் போய், அங்கே வைத்தியத் தொழில் நடத்திக்கொண்டு மௌத்தை எதிர்பார்த்திருந்தார். முப்பது வயது மனிதர், டாக்டர், தம் நோய் போகும் பாதையை அணு அணுவாக அறிந்தவர்; அவர் மற்றவர்களுக்கு மருந்து எழுதிக் கொடுத்துக்கொண்டு அங்கே காலம் தள்ளியதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

இதற்கிடையில் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட், கோலிப் ஆகியோர் மக்லவுட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், மிருகங்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி மாதம் லெனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக அதை ஊசி மூலம் ஏற்றினார்கள். பையனின் எடை 65 ராத்தல்தான். முதல் ஊசி சரிப்படவில்லை. சுத்தப்படுத்தி ஜனவரி 23ஆம் நாள் போட்ட மருந்து வேலை செய்தது. பையன் பிழைத்து 1935 வரை வாழ்ந்தான். வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இதில் உண்டு. கண்டுபிடிப்பின் உரிமையை அம்மூவரும் டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலர் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். கோடி கோடியாய்ச் சம்பாதித்திருக்கக்கூடிய சரக்கு அது.

1922ஆம் வருடக் கடைசியில் வந்த குளிர்காலத்தில் புளோரன்ஸில் லாரன்ஸுக்கு மார்ச்சளி கண்டு நோய் முற்றியது. நரம்புகள் கெட்டுக் கை கால் பலம் குன்றியது. இனி அதிக நாள் இல்லை என்ற கட்டத்தில் லண்டனிலிருந்து ஹாரிஸன் அனுப்பிய தந்தி வந்தது. இன்சுலின் கையில் கிடைத்துவிட்டதென்றும், அது பலிக்கிறதென்றும், உடனே புறப்பட்டு வரவேண்டுமென்றும் சில சொற்களில் அதிலிருந்தது. அவர் புறப்பட்டுவிட்டார். நிற்கவே சிரமப்படுகிற உடம்போடு, காரை ஓட்டிக்கொண்டு ஐரோப்பாவைக் கடந்து, 1923 மே மாதம் 28ஆம் நாள் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினார். சோதனைகள் முடிந்து 31ஆம் நாள் முதல் ஊசி போட்டார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு எழுந்து நடந்து, அதே ஆஸ்பத்திரியில் இரசாயனப் பரிசோதகராக வேலைக்கும் சேர்ந்துவிட்டார்.

அல்லாஹ் நாடினான், தந்தி உரிய நேரத்தில் வந்தது. அந்த ஊசிக்கு ஒரு வருடம் முன்பு அதே நோயால் மாண்டவர்கள் எத்தனையோ பேர். இதை நான் சொன்னபோது அந்த ஊர்க்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

உயிர் பிழைத்தவர் வைத்திய வரும்படியோடு ஒதுங்கியிருக்கலாம். லாரன்ஸ் அப்படிச் செய்யவில்லை. இன்சுலின் வந்துவிட்டதே ஒழிய, அதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்பதை அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை. கூடினால் சீனி சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல் வந்து மயங்கி விழுவார்கள். குறைந்தால் பழைய நோய் திரும்பும். லாரன்ஸ் தம் உடம்பையே சோதனைக் கூடமாக்கினார். உடற்பயிற்சி செய்தால் இன்சுலினின் வேகம் கூடுகிறதென்பதைத் தம்மிடமே அளந்து பார்த்து 1926இல் கட்டுரை எழுதினார். டாக்டருக்கும் நோயாளிக்கும் சேர்த்தே ஒரு புத்தகத்தை 1925இல் வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டு வேறு பாஷைகளிலும் வந்தது. சாதாரண ஜனங்களுக்கென்று 1929இல் இன்னும் எளிதான கைநூல் ஒன்று எழுதினார். சாப்பாட்டைக் கறுப்பு வரி, சிவப்பு வரி என்று பிரித்தார். கறுப்பு வரி ஒன்றுக்கு மாவுச்சத்து 10 கிராம். இன்ன அளவு ரொட்டி, இன்ன அளவு உருளைக்கிழங்கு, இன்ன அளவு பால் ஒரு வரி. படிப்பில்லாத நோயாளியும் கணக்கைப் பார்த்து விருப்பமானதை மாற்றிச் சாப்பிடலாம். இன்று என் தங்கை மகன் ரொட்டி சானாயைப் பார்த்ததும் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று மனக்கணக்குப் போட்டு ஊசியின் அளவை முடிவு செய்கிறானே, அந்தக் கணக்கும் இந்த வழியில் வந்ததுதான். நம்முடைய பற்று வரவுக் கணக்கைவிடப் பையன் கணக்குச் சுத்தம்.

கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் அவர் நடத்திய நீரிழிவுப் பிரிவு அந்நாட்டிலேயே பெரியவற்றுள் ஒன்றாயிற்று. ஆனால் ஆஸ்பத்திரி வாசலோடு அவர் வேலை நிற்கவில்லை. வீட்டுக்குப் போன நோயாளி தனியாள். முதலாளி வேலை தர மறுப்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை மயங்கினால் வாத்தியாருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஏழைக்கு மருந்துக்குக் காசில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயைச் சொல்ல வெட்கம். இவர்கள் ஒன்றுகூடினாலொழிய வழியில்லை என்று லாரன்ஸ் கண்டார்.

அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் எச்.ஜி.வெல்ஸ். கால யந்திரம் பற்றிக் கதை எழுதி உலகப் புகழ் பெற்ற அதே ஆசிரியர்தாம். அவருக்கும் நீரிழிவு. 1933இல் வெல்ஸ் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கடிதம் எழுதி, தம்மைப் போன்ற நீரிழிவுக்காரர்கள் அந்த ஆஸ்பத்திரிப் பிரிவுக்குப் பொருளுதவி செய்யவேண்டுமென்று கேட்டார். ஊரறிந்த மனிதர் தம் நோயைப் பத்திரிகையில் பகிரங்கப்படுத்தியது அந்நாளில் சின்ன விஷயமன்று. மறு வருடம், 1934 ஜனவரியில், வெல்ஸின் லண்டன் வீட்டில் டாக்டர்களும் நோயாளிகளுமாகக் கூடினார்கள். அப்படிப் பிறந்ததே நீரிழிவுக்காரர் சங்கம். வெல்ஸ் தலைவர், நிர்வாகக் குழுவை நடத்தும் பொறுப்பு லாரன்ஸுக்கு. அந்தப் பொறுப்பை அவர் 1961 வரை வகித்தார். சங்கத்திலே டாக்டரும் உண்டு, நோயாளியும் உண்டு, பணக்காரரும் ஏழையும் உண்டு. தர்மம் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்ற பிரிவு வைக்கவில்லை. எல்லோரும் உறுப்பினர்கள்.

சங்கம் தனக்கென்று ஒரு பத்திரிகை நடத்தியது. லாரன்ஸ் அதில் எழுதினார். பல கட்டுரைகளில் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளை விடுமுறை முகாம்களுக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரே கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளும் காலையில் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்த சிறுவனுக்குத் தான் ஒருவன்தான் இப்படி என்ற எண்ணம் எப்படி இருக்கும்? இரண்டாம் மகாயுத்தத்தில் உணவுப் பங்கீடு வந்தபோது, நீரிழிவுக்காரர் தம் சீனிப் பங்கை விட்டுக்கொடுத்து அதற்குப் பதில் கூடுதல் இறைச்சியும் வெண்ணெயும் பெற ஏற்பாடு இருந்தது. அந்தச் சங்கம் 1954இல் பிரிட்டிஷ் நீரிழிவுச் சங்கமென்றும், 2000இல் டயாபடீஸ் யூகே என்றும் பெயர் மாறி இன்றும் நடக்கிறது. 1950இல் பல நாட்டுச் சங்கங்களும் சேர்ந்து சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தை அமைத்தபோது முதல் தலைவராக லாரன்ஸையே தேர்ந்தெடுத்தார்கள். 1958 வரை இருந்தார். சிங்கப்பூரில் 1971இல் நீரிழிவுச் சங்கம் ஏற்பட்டது. மலேசியாவிலும் அப்படிப்பட்ட சங்கம் உண்டு. வழியோடு போகிறபோது நம்மில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருக்கிறோம்?

சம்பந்தம் பேசுவது பற்றி அந்த வாப்பா கவலைப்பட்டாரல்லவா? இன்சுலினுக்கு முன் இந்நோயுள்ள பெண் பிள்ளை பெறுவது மிக அபூர்வம். பெற்றாலும் தாயோ சேயோ தங்குவது கடினம். இன்சுலின் வந்த பிறகும் ஆபத்து நீங்கவில்லை. லாரன்ஸ் டாக்டர் ஓக்லி என்பவருடன் சேர்ந்து, கர்ப்ப காலத்தில் சீனியைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைக்கும் முறையை ஆராய்ந்து 1942இல் எழுதினார். இன்று இந்நோயுள்ள பெண்கள் டாக்டர் கண்காணிப்பில் சுகமாகப் பிள்ளை பெறுகிறார்கள். லாரன்ஸ் தாமும் 1928இல் மணம் முடித்து மூன்று ஆண் மக்களுக்குத் தந்தையானார். ஆகவே மறைத்து வைத்து மணம் பேசுவது எதற்கு? மறைத்தால் அப்பெண் மாமியார் வீட்டில் ஊசியையும் மறைத்துத்தான் போடவேண்டும். அதன் விளைவை யோசித்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சங்கதிகள் நம் ஜனங்கள் அடிக்கடி கேட்பவை. லாரன்ஸ் காலத்து இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. அதனால் நம் பெரியவர்களில் சிலர் அந்நாளில் தயங்கினார்கள். 1982 முதல் மனித உடலில் ஊறும் இன்சுலினைப் போன்றதையே நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்து விற்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரிகளில் கொடுப்பது பெரும்பாலும் அதுவே. ஐயமுள்ளவர் மருந்துப் பெட்டியைக் காட்டி மருந்தாளரிடமும் ஆலிமிடமும் கேட்கட்டும். ஆனால் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்கப் போகக் கூடாது.

மற்றது ரமலான். நோயாளிக்கு நோன்பை ஒத்திவைக்க மார்க்கம் இடங்கொடுத்திருப்பது மதறஸாவில் ஓதிய சிறு பிள்ளைக்கும் தெரியும். முன்சொன்ன சர்வதேசச் சம்மேளனமே 2016இல் ரமலான் நோன்பு பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டு, 2021இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்க்கவேண்டும், விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது, சீனி 3.9க்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை விட்டுவிடவேண்டும் என்று அதில் இருக்கிறது. முதல் வகை நோயாளிகளில் பலருக்கு நோன்பே வேண்டாமென்று டாக்டர் சொல்லக்கூடும். சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும். கடையில் பையன் ஒருவன் ரமலான் பகலில் வாயில் சீனி போட்டுக்கொண்டால் காரணம் கேட்காமல் ஏசாதீர்கள். நான் ஒருமுறை ஏசியிருக்கிறேன், பிறகு வெட்கப்பட்டேன்.

லாரன்ஸ் 1957இல் ஆஸ்பத்திரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பின் பக்கவாதம் கண்டு உடலின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டது. அப்படியும் சங்க வேலையை விடவில்லை. 1968 ஆகஸ்ட் 27ஆம் நாள் லண்டனில் காலமானார். வயது 75. புளோரன்ஸில் சாகப் போனவர், அதன்பின் 45 வருடம் ஊசியோடு வாழ்ந்து முடித்தார். அவர் சங்கம் இன்று, 60 வருடம் நீரிழிவோடு வாழ்ந்தவர்களுக்கு அவர் பெயரால் பதக்கம் கொடுக்கிறது. 80 வருடம் கண்டவர்களுக்கு வெல்ஸ் பெயரில் வேறொன்று இருக்கிறது.

கருஞ்சீரகத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. நானும் விற்கிறேன், வீட்டிலும் சேர்த்துக்கொள்கிறோம். வெந்தயமும் பாகற்காயும் அப்படியே. ஆனால் கணையத்தில் அழிந்துபோன அணுக்களை அவை திரும்பக் கொண்டுவந்ததாக எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை. முதல் வகைக்காரர் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே ஆபத்து. நாற்பது நாள் பொறுக்காது. அந்த ஊர்க்காரர் அன்று நூறு கிராம் மட்டும் வாங்கிக்கொண்டு, சமையலுக்கு என்று சொல்லிப் போனார். மறு வாரம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். பிள்ளை என் தங்கை மகனிடம் ஊசியை எந்த இடத்தில் போட்டால் வலிக்காதென்று கேட்டுக்கொண்டிருந்தது.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் இப்படிப் பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்களென்று எனக்குத் தெரியும். பெயர் வெளியிட வேண்டியதில்லை. பெற்றோர் காரியதரிசியிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் சங்கக் கட்டிடத்தின் மேல்மாடியை இவர்களுக்காக ஒதுக்கித் தரக் காரியதரிசி இசைந்திருக்கிறார். தேநீர் என் கடையிலிருந்து வரும். சீனி தனியாக வரும்.